எந்தக் காலுக்கு இந்தச் சிலிண்டர்

மருத்துவ நிலையத்து எடை மிஷினை ஒரு துணிப்பையில் போட்டு, மேலே இரண்டு பழைய துண்டுகளை வைத்து மறைத்து, சிஸ்டர் வீட்டுக்குக் கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாருக்கும் எடை பார்ப்பதில்லை. திங்கள் காலை கதவு திறக்கும்போது அது தன் மூலையில் இருந்தால் போதும். அவர் வாழ்க்கையில் செய்த முதல் திருட்டு அது. அதுவும் ஒரு பகல் பொழுதுக்கு.

கணவரைச் சுவருக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, மிஷினைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பிரேக்குன்னு நெனச்சு மிதிங்க."

"சுவத்த மிதிச்சா வீடு நிக்குமா?"

"மிதிங்க, சொல்றேன்."

முதலில், கிளட்சை மிதிக்கும் இடது காலால் மிதித்தார். முள் சுற்றிக்கொண்டு போனது, நாற்காலி பின்னால் நகர்ந்தது. பிறகு வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி மிஷின்மேல் வைத்தார். தொடை விம்மியது. கழுத்து நரம்பு புடைத்தது. கணுக்கால் மட்டும் ஈரத்துணி போல மடங்கிக் கொடுத்தது. முள் ஒரு பள்ளிக்கூடப் பையின் எடையைத் தொட்டு, அங்கேயே நடுங்கியது.

"எவ்வளவு?"

"கொஞ்சம் கம்மி. அவ்வளவுதான்."

"பொய் சொல்லும்போது நீ மூக்கத் தொடுவே."

சிஸ்டர் மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

தெருவே அவரைச் சிஸ்டர் என்று கூப்பிட்டாலும் அவர் நர்ஸ் படிப்புப் படித்தவர் அல்ல. எங்கள் தெருவும் அதற்கு மேலே உள்ள வீடுகளும் ஒரு நீண்ட சரிவின் உச்சியில் இருக்கின்றன. கடைகளும் பெரிய மருத்துவமனையும் சரிவின் அடியில். உச்சியில் உள்ள ஒரே மருத்துவ நிலையத்தில் கட்டுப் போடுவது, சிரிஞ்சில் மருந்து ஏற்றிக் கொடுப்பது, தரையைத் துடைப்பது, அழும் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவது எல்லாம் அவர் வேலை. ஊசி போடுவது மட்டும் அவர் வேலை இல்லை. அது டாக்டரின் வேலை. டாக்டர் இல்லாதபோது டாக்டருடைய மருமகனின் வேலை. மருமகன் என்ன படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. வெள்ளைக் கோட்டுக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை என்பதுதான் அந்தக் கோட்டின் சௌகரியம்.

அவர் கணவரை எல்லோரும் டிரைவர் என்பார்கள். இளம் வயதில் ஒரு பெரிய வீட்டுக்குக் கார் ஓட்டினார். அந்த வீட்டார் இடம் மாறிப் போனபோது அந்தப் பழைய காரைத் தானே வாங்கிக்கொண்டார். உருண்ட முதுகும், அகலக் கதவுகளும், சோபா போன்ற பின்னிருக்கையும் கொண்ட கார். புதிய கார்களில் முழங்காலை மடக்கித் திணித்துக்கொள்ள முடியாதவர்கள் இதில் நேராக ஏறி உட்காரலாம். அதனால் மாவுக்கட்டுப் போட்டவர்களும், முட்டி தேய்ந்தவர்களும், நிறைமாதப் பெண்களும் சரிவில் இறங்கி மருத்துவமனைக்குப் போக இவரைத்தான் கூப்பிடுவார்கள். கால் நீட்ட முடியாதவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனவருக்கே ஒருநாள் கால் போனது.

சாதாரணக் காய்ச்சலுக்காக மருத்துவ நிலையத்துக்குப் போனார். மருமகன் ஊசியோடு வந்தார். கணவர் குப்புறப் படுத்திருந்தார். ஊசி இறங்கப்போகும் இடத்தைப் பார்த்துச் சிஸ்டர், "இன்னும் மேல, இன்னும் வெளிப்பக்கமா" என்றார். நரம்பு ஓடும் இடம் எது என்று அந்த அறையில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும்.

"உங்க வேலையப் பாருங்க" என்றார் மருமகன். ஊசி இறங்கியது. டிரைவர் அலறினார். எழுந்து நின்றபோது வலது பாதம் தரையில் செருப்பு மாதிரிக் கிடந்தது.

புகார் கொடுத்தார்கள். விசாரிக்க வந்தவர் டாக்டரின் அறையில் உட்கார்ந்து காபி குடித்தார். நோயாளிக்கு நரம்புத் தளர்ச்சி முன்பே இருந்திருக்கலாம் என்று முடிவானது. மனைவியின் சாட்சி செல்லாது. அவர் நர்ஸ் அல்லவே. ஊசி போட்டவரும் எதுவும் அல்லவே என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அதற்குப் பிறகும் சிஸ்டர் அதே இடத்துக்கு வேலைக்குப் போனார். வீட்டில் அடுப்பு எரிய வேறு வழி இல்லை. ஆனால் ஒன்று செய்தார். மருமகன் ஊசியை எடுக்கும்போதெல்லாம் போய்ப் பக்கத்தில் நின்று, நோயாளியின் இடுப்பில் சரியான இடத்தில் விரலை வைத்து, "இங்க" என்பார். மருமகன் முறைப்பார். விரல் நகராது.

டிரைவரின் அக்கா, அதாவது சிஸ்டரின் நாத்தனார், அதே தெருவில்தான் இருக்கிறார். வரும்போதெல்லாம் அவர் சொன்னது ஒன்றேதான். "என்னம்மா செய்யறது. அவனுக்குக் கெட்ட நேரம்."

இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்ட நேரம் என்று ஒன்று கிடையாது. கெட்ட ஊசி என்று ஒன்று உண்டு. அதைப் போட்ட கைக்கு ஒரு உடம்பு உண்டு, அந்த உடம்புக்கு ஒரு மாமனார் உண்டு. நேரத்தின்மேல் பழியைப் போட்டால் யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். அநியாயம் செய்தவர்களுக்கு இதைவிட மலிவான வக்கீல் கிடைக்காது. சிஸ்டரும் ஒருநாள் நாத்தனாரிடம் சொன்னார். "அண்ணி, நேரம் நல்லாத்தான் இருந்துச்சு. எடம்தான் தப்பு."

டிரைவர் பல மாதம் வண்டியை எடுக்கவில்லை. எடுக்கவில்லையே தவிர, தினமும் காலையில் அதைத் துடைத்து, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் கண்ணாடியை இறக்கி "இங்கயே குடு" என்பார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வண்டியை விற்றுவிடலாம் என்று அக்கா ஒருமுறை சொன்னபோது மட்டும் அவர் வாய் திறந்தார். "வண்டி போற அன்னைக்கு நானும் போயிடுவேன்." அதில் மிரட்டல் இல்லை. மறுநாள் மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். அன்றிலிருந்து சிஸ்டர் வேலையிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே எட்டிப் பார்ப்பார். காருக்குள் தலை தெரிகிறதா என்று. தெரிந்தால்தான் நடை மெதுவாகும்.

அந்த நிலையில்தான் வாடகை வண்டிகளைச் சோதிக்கும் அலுவலகத்தில் பழைய காரின் அனுமதியை நிறுத்திவிட்டார்கள். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்சக்கர டிரம்கள் விரிசல் விட்டிருந்தன. அந்தக் காலத்து டிரம் இனி எங்கும் கிடைக்காது. முன்னால் டிஸ்க் பிரேக் மாற்றி, ஓட்டுகிறவர் தானே ஓட்டி வந்து நிறுத்திக் காட்டினால் அனுமதி தருவோம் என்றார்கள். கால் பெடலுக்குப் பதிலாகக் கையால் இழுக்கும் பிரேக் வைத்துக்கொள்ளலாமா என்று சிஸ்டர் கேட்டார். வாடகை வண்டிக்குக் கிடையாது என்றார்கள்.

டிரைவர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டிஸ்கா? அதுதான் எனக்கு வேணும். நான் வேலை பாத்த பெரிய வீட்டுப் புதுக் கார்ல பாத்திருக்கேன். விரல் வச்சா நிக்கும். இந்தக் காலே போதும்."

அங்கேதான் முதல் தப்பு. வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. வாழ்நாளெல்லாம் டிரம் வண்டியையும், அவ்வப்போது மட்டும் புதுக் காரையும் ஓட்டிய ஒருவர்தான் செய்ய முடியும். புதுக் காரின் பெடல் லேசாக இருந்தது டிஸ்கினால் அல்ல. என்ஜின் இழுக்கும் காற்றை வைத்துக் காலுக்கு உதவி செய்யும் பூஸ்டர் என்ற பெரிய டப்பாவினால். டிஸ்க் தனியாக இருந்தால் டிரம்மைவிட அதிகக் கால் பலம் கேட்கும். டிரம்முக்குள் இருக்கும் ஷூ என்ற பிரேக் கட்டையை ஓடுகிற சக்கரமே தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். பாதி வேலையை வண்டியே செய்துவிடும். டிஸ்கைக் கவ்வும் பேடுக்கு அந்தச் சலுகை இல்லை. மிதித்த அளவுக்குத்தான் பிடி.

வேலையை எடுத்துக்கொண்டவரைச் சரிவின் அடியில் எல்லோரும் 'பொறுங்க' என்று கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். பிரேக் வேலை தவிர வேறு எதையும் தொடமாட்டார். வண்டியை ஓட வைக்க ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள், நிறுத்தி வைக்க நான் ஒருவன் போதும் என்பார்.

வேறு ஒரு காரின் முன் டிஸ்க்குகளைக் கொண்டுவந்து பொருத்தினார். பிறகு மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்திக் குழாய் வழியே சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை அது. பழையதை வைத்துக்கொள்ள முடியாது. அதன் வாயில் ஒரு சின்ன வால்வு இருந்தது. காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்முக்கு அது நல்லது. டிஸ்குக்கு வைத்தால் பேடு உரசிக்கொண்டே இருந்து சக்கரம் கொதிக்கும். அதோடு பழையதில் ஒரே அறை. எங்காவது ஒரு குழாய் விட்டால் நாலு சக்கரமும் போச்சு. இரண்டு அறை உள்ள புதியது வேண்டும். எந்த அளவு என்பதுதான் கேள்வி.

பொறுங்க அதற்கு இரக்கப்பட்டுப் பதில் கண்டுபிடித்தார். "பலமில்லாத காலு. பெருசாப் போட்டுடறேன் சிஸ்டர். தாராளமா ஆயில் தள்ளும்." ஒரு சின்ன லாரியின் சிலிண்டரைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார். நொண்டுகிறவருக்குக் கனமான ஊன்றுகோல் கொடுப்பது மாதிரி.

டிரைவர் ஏறி மிதித்தார். பெடல் கல்லாக நின்றது. மறுபடி மிதித்தார். வேர்த்தது. மூன்றாம் தடவை மிதிக்கவில்லை, பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுங்கவே வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்து விட்டார். டிரைவர் அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் காருக்குள்ளும் போய் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சிஸ்டருக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதனால்தான் எடை மிஷினைத் திருடினார்.

திங்கள் காலை மிஷினைத் திருப்பி வைத்துவிட்டு, மாலையில் கைப்பையில் இரண்டு சிரிஞ்சுகளோடு பொறுங்கவின் பட்டறைக்கு இறங்கிப் போனார். ஒன்று தடி, ஒன்று மெலிசு. இரண்டிலும் தண்ணீர் ஏற்றியிருந்தார்.

"அண்ணே, நுனியில வெரல வச்சு அடைச்சுக்குங்க. இப்ப தடியத் தள்ளறேன். என் கட்டை வெரலு வலிக்குது, உங்க வெரல்ல ஒண்ணும் தெரியாது. இப்ப மெலிச." மெலிசிலிருந்து பீறிட்ட தண்ணீர் பொறுங்கவின் கண்ணாடியை நனைத்தது.

"பொறுங்க, பொறுங்க." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? சிலிண்டர் சின்னதானா அழுத்தம் கூடும், அது பாடம். ஆனா சின்னதுல எவ்வளவு தண்ணி இருக்கு பாருங்க. டிஸ்கப் புடிக்கிற பிஸ்டன் ஒண்ணொண்ணும் தம்ளர் வாய் அகலம். அத ரொப்பறதுக்கு உங்க மெலிசு சிரிஞ்ச எத்தனை தூரம் தள்ளணும்? பெடல் தரையத் தொட்டுடும். அந்தப் பயத்துலதான் பெருசு போட்டேன்."

"அவரால தூரம் மிதிக்க முடியும் அண்ணே. அழுத்தித்தான் மிதிக்க முடியாது."

பொறுங்க கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கால அளந்து சிலிண்டர் கேக்கற மொத ஆளு நீங்கதான். செருப்புக் கடைக்குப் போக வேண்டியவங்க இங்க வந்துட்டீங்க."

கிடைத்ததிலேயே சின்ன சிலிண்டரைப் போட்டார்கள். பெடல் லேசானது. டிரைவரின் முகத்தில் ஏதோ அசைந்தது. மிதித்தார், போனது, இன்னும் போனது, பிடி தொடங்கியபோது பெடல் தரைப் பலகையில் உட்கார்ந்துவிட்டது. பேடு டிஸ்கைத் தொட்டதே தவிர இறுக்கவில்லை. போதாக்குறைக்கு, அவ்வளவு தூரம் போகும்போது செத்த பாதம் வழியில் நழுவி, செருப்பின் முனை பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பொறுங்க குனிந்து அந்தப் பாதத்தைக் கையால் எடுத்து வெளியே வைத்தார். டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஒரு ஆண்மகனின் காலை இன்னொருவர் பொருளைப் போல எடுத்து வைப்பதை துணைக்குப் போயிருந்த நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

நடு அளவு ஒன்றையும் போட்டார்கள். தூரம் சரியாக இருந்தது. பலம் போதவில்லை. பெரியதில் பலம் போதவில்லை, சின்னதில் தூரம் போதவில்லை, நடுவில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் போதவில்லை.

"ஏம்மா, ஒரு நாள் நல்லது ஒரு நாள் கெட்டது, எதுக்கு இப்படி அலையற" என்றார் நாத்தனார். "அவன் தலையில எழுதினத நீ ஒரு இரும்பு உருளையால அழிக்கப் போறியா?"

"தலையில ஒண்ணும் எழுதல அண்ணி. இடுப்புலதான் குத்தினாங்க."

பூஸ்டர் வைக்கலாம் என்று பொறுங்கவே சொன்னார். காலுக்கு இல்லாத பலத்தை என்ஜின் கொடுக்கும். நடு அளவு சிலிண்டரோடு அதைப் பொருத்தினார். பட்டறை வாசலில் டிரைவர் மிதித்தார். கார் மூக்கைக் குத்தி நின்றது. அவர் மறுபடி கொஞ்சம் ஓட்டி மறுபடி மிதித்தார். மறுபடியும் நின்றது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்ததைச் சிஸ்டர் அன்று பார்த்தார். "ஏறு" என்றார் மனைவியிடம், பழைய மிடுக்கோடு. "சவாரிக்கு ஆள் கிடைக்கலன்னு உன்னை ஏத்திக்கறேன்."

பொறுங்க பின்னால் ஏறிக்கொண்டார். கார் சரிவில் ஏறியது. உச்சியில் தெருவில் ஒரு சுற்று சுற்றியது. நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தோம். டிரைவர் யாரையும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே போனார். பிறகு இறங்கத் தொடங்கினார். பட்டப்பகல். காய்ந்த சாலை. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பாதிச் சரிவில் ஒரு வளைவு. அதற்கு முன்னால் கியரைக் குறைக்கக் கிளட்சை மிதித்தார். கிழட்டு என்ஜின் ஒருமுறை இருமி நின்றுவிட்டது. கியர் எதிலும் சேராமல் நடுவில் இருந்தது. அந்த வேகத்தில் கீழ் கியர் விழ மறுத்துப் பற்களை நறநறத்தது.

என்ஜின் நின்றாலும் பூஸ்டருக்குள் கொஞ்சம் உதவி மிச்சம் இருக்கும். ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை மிதிக்க. மிதித்த காலை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தால் கார் நின்றிருக்கும். ஆனால் டிரைவர் அந்தச் சரிவில் வாழ்நாளெல்லாம் டிரம் வண்டி ஓட்டியவர். டிரம்மைத் தொடர்ந்து அழுத்தினால் சூடேறிப் பிடி விட்டுவிடும். விட்டு விட்டு மிதிக்க வேண்டும். அதுதான் நல்ல ஓட்டுநரின் அடையாளம். அவர் கால் அதை மறக்கவில்லை. மிதித்தார், விட்டார். மிதித்தார், விட்டார். மூன்றாவது முறை பெடல் கல். அவருடைய திறமையே உதவியைக் குடித்துத் தீர்த்துவிட்டது.

"பொறுங்க, பொறுங்க" என்றார் பின்னாலிருந்தவர். முதல் முறையாக அதை ஒரு வண்டியிடம் சொன்னார்.

வளைவில் ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு, சாலையோரமாக ஏறி வந்துகொண்டிருந்தாள். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி, உடம்பின் எடை முழுவதையும் அந்தக் காலில் இறக்கப் பார்த்தார். கணுக்கால் மடங்கியது. சிஸ்டர் இரண்டு கைகளாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பின்சக்கரத்துப் பழைய டிரம்கள் கத்தின. கார் பக்கவாட்டில் இழுபட்டு, சாலை வேலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறிச் சாய்ந்து நின்றது.

குடைக்காரப் பெண் ஒரு அடி ஒதுங்கி, காரை ஒரு பார்வை பார்த்து, குழந்தையின் முகத்துக்கு வெயில் படாமல் குடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். என்ன நடக்க இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குடை வளைவுக்கு மேலே போய் மறையும் வரை.

சிஸ்டர்தான் முதலில் பேசினார். பேசினார் என்பதைவிடக் கொட்டினார். "என்ஜினச் சரி பண்ணிடலாம். நிக்காத மாதிரி பண்ணிடலாம் இல்லண்ணே? இல்லன்னா பெரிய பூஸ்டர். ரெண்டு பூஸ்டர். சிலிண்டர இன்னும் கொஞ்சம் சின்னதா, பெடலக் கொஞ்சம் நீளமா வச்சு… செருப்ப பெடலோட சேத்துக் கட்டிட்டா நழுவாதுல்ல. ஏதாவது சொல்லுங்கண்ணே. பொறுங்கன்னாவது சொல்லுங்க."

பொறுங்க கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் காலுக்குச் சிலிண்டர் இல்ல" என்றார் டிரைவர். "பின்னால இருக்கறவருக்கு அது மொதல் நாளே தெரியும். உனக்கு அந்த எடை மிஷின்லயே தெரியும். எங்கிட்டச் சொல்ல எல்லாருக்கும் பயம். நானே சொல்லிடறேன்."

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"மூக்கத் தொடாத."

சிஸ்டர் அழுதார். கணவருக்குக் கால் போன நாள் அழவில்லை, விசாரணையில் அழவில்லை, அன்று ஜல்லிக் குவியலில் சாய்ந்த காருக்குள் உட்கார்ந்து அழுதார். வண்டி போகும் அன்று தானும் போவதாகச் சொன்னவர் பக்கத்தில் இருந்தார். அவர் கையைவிட்டு வண்டி போய்விட்டது. இனி எந்த மூலையில் நின்று எட்டிப் பார்த்தால் தலை தெரியும்?

டிரைவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். "உன் கால் எவ்வளவு காட்டுச்சு?"

"என்ன?"

"மிஷின்ல. உன் காலு."

"நான் எதுக்கு வைக்கறேன்."

"திரும்பக் கொண்டா."

சிஸ்டர் புரியாமல் பொறுங்கவைப் பார்த்தார். பொறுங்கவுக்குப் புரிந்துவிட்டது, அவர் சன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மிஷின் மறுபடி துணிப்பைக்குள் வந்தது. இந்த முறை டிரைவர் சுவரோரம் தரையில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் நாற்காலியில். சிஸ்டர் மிதித்தார். முள் ஓடியது.

"இன்னும்."

"போதுங்க."

"குழந்தையோட ஒருத்தி வரா. இன்னும்."

சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். டிரைவர் முதுகு சுவரில் மோதியது. முள்ளை வெகுநேரம் பார்த்தார். "என்ஜின் நின்னாலும் இந்தக் காலு நிறுத்தும்" என்றார். பிறகு சிஸ்டரின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து அதன் நீளத்தை அளந்தார், செருப்புக் கடைக்காரர் போல. பொறுங்கவிடம் அவரே போனார். பூஸ்டரைக் கழற்றாமல், நடுவுக்கும் சின்னதுக்கும் இடைப்பட்ட ஒரு அளவைக் கேட்டார். பூஸ்டர் செத்தாலும் அவள் மிதித்தால் நிற்க வேண்டும், அவ்வளவு தூரம் மிதித்தாலும் தரையைத் தொடக் கூடாது என்றார். அவர்கள் அந்த அளவைத் தேடி எடுக்கப் பல நாள் ஆனது. பொருத்திய அன்று என்ஜினை அணைத்துவிட்டுச் சிஸ்டரை மிதிக்கச் சொன்னார்கள். பெடல் பாதி வழியில் கெட்டியாக நின்றது. பொறுங்க சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். திரும்பவில்லை.

சிஸ்டர் ஓட்டக் கற்றுக்கொண்டதும், ஸ்டியரிங் பிடித்த கையைப் பார்த்துத் தெரு சிரித்ததும், நாத்தனார் "பொம்பளை ஓட்டி ஆம்பளை உக்காந்து போறதா" என்றதும் வேறு கதை. அதற்குப் பதில் சொன்னவர் டிரைவர்தான். "நீ ஏறாத அக்கா. முட்டி வலின்னு நாளைக்குக் கூப்பிடாத."

மருத்துவ நிலையத்து வேலையைச் சிஸ்டர் விட்டார். விடும் முன் அவரை அரித்த விஷயம் அந்த விரல். இனி ஊசிக்கு முன்னால் யார் வைப்பார்கள்? கடைசி நாள் ஊசி அறைச் சுவரில் அழியாத மையால் ஒரு முதுகையும் இடுப்பையும் வரைந்து, சரியான இடத்தில் ஒரு வட்டம் போட்டு, 'இங்கே மட்டும்' என்று எழுதிவிட்டு வந்தார். மருமகன் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டியிருப்பதாகக் கேள்வி. அவர் இன்னும் ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அங்கே போகிறவர்கள் காலண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சோதனை அலுவலகத்துக்குப் போன காலையில் நான் வாசலில் நின்றிருந்தேன். டிரைவர் வழக்கம் போல விடிந்ததும் காரைத் துடைத்து, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் குளித்துக் கிளம்பி வந்து கதவருகே நின்றார். டிரைவர் கைக்குட்டையை எடுத்து ஸ்டியரிங்கை ஒரு சுற்றுத் துடைத்தார். இன்னொரு சுற்று. பிறகு வலது காலைக் கைகளால் தூக்கி வெளியே வைத்து இறங்கினார்.

காரின் முன்பக்கத்தைச் சுற்றி மறு கதவுக்குப் போக வேண்டும். பானட்டில் ஒரு கையை ஊன்றிப் பாதத்தை இழுத்து இழுத்து நடந்தார். பாதத்தின் முனை மண்ணில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தது. சிஸ்டரின் கை ஒருமுறை நீண்டு, திரும்பிப் போய்க் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டது. உதவக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெருவில் அத்தனை பேரும் நின்றிருந்தோம்.

அவர் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார். சிஸ்டர் ஏறி, இருக்கையை முன்னால் இழுத்து, பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்தார்.

"இருக்கா?" என்றார் டிரைவர்.

"இருக்கு."

"வளைவுல என்ஜின் நின்னா?"

"மிதிச்ச கால எடுக்க மாட்டேன்."

"ம். போ."

கார் சரிவில் இறங்கியது. பின்கண்ணாடி வழியே இரண்டு தலைகள் தெரிந்தன. வளைவு வரை பார்த்துக்கொண்டே நின்றேன். இடது பக்கத்துத் தலையோ வலது பக்கத்துத் தலையோ, ஏதோ ஒன்று பெடலைப் பார்ப்பது போல ஒருமுறை குனிந்தது. பிறகு நிமிர்ந்துவிட்டது.